பாதியில் நின்ற சுவர்

ஸ்டான்லியின் கழுத்தில் குளிர்ந்த களிம்பைத் தடவி டாக்டர் நுஸைபா ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தியபோது, ரத்தம் ஓடும் சத்தம் வரவேண்டிய ஸ்பீக்கரிலிருந்து யாரோ சுவருக்கு வெள்ளையடிக்கும் சத்தம் வந்தது. சர்ர்... சர்ர்... நடுநடுவே, நார்மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் முக்கி எடுக்கிற சளக்.

“மெஷின் இரைச்சல் சார், அசையாதீங்க,” என்றார் டாக்டர். “ரத்தக்குழாய்ச் சுவர் தடிச்சிருக்கு. சுண்ணாம்பும் படிய ஆரம்பிச்சிருக்கு. பரம்பரைக் கொழுப்புல இப்படித்தான் வரும். இப்பவே பாத்தது நல்லது, மாத்திரையில அடக்கிரலாம்.”

சுண்ணாம்பு என்றதும் ஸ்டான்லி ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் அப்பா ராயப்பராஜ் வெள்ளையடிப்பவர். தொட்ட சுவரை முடிக்காமல் இறங்கமாட்டார். ஒருமுறை அகரம் ஊரில், சுவருக்குக் குறுக்கே நின்ற எருமைக்கும் சேர்த்து அடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். பசுவென்று நம்பி ஒருவர் அதை வாங்கியும் போனார். அப்பேர்ப்பட்ட மனிதர் நாற்பது வயதுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏணியிலிருந்து சரிந்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சுவர் பாதியில் நின்றது.

போன மாதம் அண்ணன் சார்லஸும் அதே நெஞ்சுவலியில் போனான். குடும்பக் கல்லறையைத் திறந்து, பழைய எலும்புகளை மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்து, புதிதாக வருகிறவருக்காக உட்சுவருக்கு வெள்ளையடிப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அப்பாவின் நார்மட்டையோடு ஸ்டான்லிதான் உள்ளே இறங்கினான். பாதி அடிப்பதற்குள் பெட்டி வந்துவிட்டது. மட்டையை அப்பாவின் எலும்பு மூட்டைமேலேயே போட்டுவிட்டு ஏறினான்.

“மிச்சத்த அப்பா பாத்துக்கிருவாரு,” என்றான். பெட்டி சுமந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கல்லை மூடி சிமெண்டும் பூசியாயிற்று.

“அடுத்து பாப்பா,” என்றார் டாக்டர்.

ஸ்டான்லி வந்ததே இதற்குத்தான். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் குதிகால் நரம்பில் இருந்த அதே கொழுப்புப் புடைப்பு, ஐந்தாவது படிக்கும் மகள் ஐரினுக்கும் வந்திருந்தது.

“ஐயே, ஐஸ்கிரீம் தடவுறாங்கப்பா!”

“பேசாம படு தாயி.”

திரையில் கறுப்பு வாய்க்கால். இரு கரையும் சுத்தம். உஷ்... உஷ்... வெறும் ரத்தம். ஸ்டான்லி மாதாவுக்கு நன்றி சொல்ல நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனான்.

சளக்.

கை அப்படியே நின்றது.

சர்ர்.

கரையோரம் ஒரு வெள்ளைக் கோடு. மேலே. கீழே. மேலே. அவசரமே இல்லை. அப்பாவின் வாகு.

“அப்பா... கூசுது. உள்ள யாரோ தடவுறாங்க.”

டாக்டர் மெஷினை அணைத்தார். திரை இருண்டது.

சர்ர்.

அறை முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாடை. ஐரின் இருமினாள். வாய்க்குள் விரலை விட்டாள். எதையோ பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது.

ஒரு மட்டை நார். நுனியில் வெள்ளை சொட்டிக்கொண்டிருந்தது.