பல்பொடிக் காரின் முப்பத்திரண்டு பல்

1956-ல் செங்கல்பட்டில் ஓடிய கார்களுக்கெல்லாம் பல் இருந்தது. முகப்பில் இரண்டு விளக்குக் கண்கள், அவற்றுக்கு நடுவே வரிசையாகப் பளபளக்கும் கம்பிகள். தெருவில் ஒவ்வொரு காரும் இளித்துக்கொண்டே வரும். கோதண்டராமன் வாங்கிய காருக்கு மட்டும் பல் இல்லை.

அது கரும்பச்சை நிற வோக்ஸ்வாகன் கார். ஊரைவிட்டுப் போன ஒரு ஜெர்மன் தோல் வியாபாரி, மேசை, நாற்காலி, சுவர்க்கடிகாரத்தோடு அதையும் ஏலத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார். முன்னாலும் பின்னாலும் வளைந்து, ஆமை போல இருக்கும். மற்றக் கார்களுக்கு இஞ்சின் முன்னால் இருந்தது. காற்றுப் போவதற்காக முகத்தில் கம்பி வைத்திருந்தார்கள். இதற்கு இஞ்சின் பின்னால் இருந்ததால் முகம் மழமழவென்று இருந்தது. முன்மூடியைத் தூக்கினால் உள்ளே காலிப் பெட்டிதான். முதல் நாள் அதைத் தூக்கிப் பார்த்த தெருக்காரர்கள் இஞ்சினை யாரோ திருடிவிட்டதாக முடிவு செய்து, துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கோதண்டராமன் வீட்டுப் பின்கட்டில் 'வெண்முத்து பல்பொடி' தயாரித்தார். அவர் இடிப்பார், மனைவி எல்லம்மாள் சலிப்பாள், ஒன்பது வயது மகள் செங்கமலம் பொட்டலம் மடிப்பாள். பொடி நல்ல பொடிதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேர் வேப்பங்குச்சியிலும் மீதிப்பேர் அடுப்புக்கரியிலும் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பொட்டலங்கள் மூட்டை மூட்டையாக வீட்டிலேயே தங்கின. செங்கமலத்துக்குப் படுக்க இடம் குறைந்துகொண்டே வந்தது.

கார்தான் கடைசி முயற்சி என்று கோதண்டராமன் வீட்டில் சொல்லிவிட்டார். திருக்கழுக்குன்றத்துச் சித்திரைத் திருவிழாவுக்கு அதில் சரக்கைக் கொண்டுபோவது. அங்கேயும் விற்கவில்லை என்றால், மைத்துனர் வேலை செய்யும் மதராஸ் மில்லில் சேர்ந்துவிடுவது. மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போவது.

செங்கமலத்துக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காரின் இரண்டு கதவுகளிலும் 'வெண்முத்து பல்பொடி' என்று கொட்டை எழுத்தில் எழுதியாயிற்று. முன்மூடியில் ஏற்கெனவே வட்டத்துக்குள் V, W என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. "வி-ன்னா வெண்முத்து" என்றார் கோதண்டராமன். டபிள்யூவுக்கு என்ன அர்த்தம் என்று எல்லம்மாள் கேட்டாள். அதற்குள் இரண்டு வி இருக்கிறது, ஆக மொத்தம் மூன்று வெண்முத்து என்று அவர் கணக்குச் சொன்னார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் டீக்கடை வாசலில் காரை நிறுத்தியபோது, பெஞ்சில் இருந்த ஒருவர் அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பல்பொடி விக்கிற வண்டி. அதுக்கே பல்லக் காணோமே" என்றார்.

கடையே சிரித்தது. கோதண்டராமன் பாதி டீயை வைத்துவிட்டு, நேராகத் தகர வேலை செய்யும் காசிநாதன் பட்டறைக்கு வண்டியை விட்டார்.

காசிநாதன் மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, மேலே பதினாறு, கீழே பதினாறு என்று முப்பத்திரண்டு பற்கள் செய்தார். வெள்ளைப் பெயிண்ட் அடித்துக் காய வைத்தார். ஆனால் காரில் ஓட்டை போடக் கூடாது என்று கோதண்டராமன் பிடிவாதமாக நின்றார். ஒரு ஆணி இறங்கினாலும் தான் பொல்லாதவனாகிவிடுவதாகச் சொன்னார். காசிநாதன் யோசித்தார். ஓட்டை வாளிகளை அவர் தார் மாதிரி இருக்கும் கீலை உருக்கித்தான் அடைப்பார். அவர் அடைத்த வாளி எதுவும் பத்து வருடமாக ஒழுகியதில்லை. அதே கருப்புக் கீலைக் காய்ச்சி, முன்மூடியில் பற்களை ஒவ்வொன்றாக ஒட்டினார்.

இப்போது கார் காது வரைக்கும் சிரித்தது. எதிரே வந்த மாடு ஒன்று திரும்பிப் போய்விட்டது.

திருவிழாவுக்குக் கிளம்பும் நாளில் கோதண்டராமன் மகளைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். செங்கமலத்துக்கு மேல் வரிசையில் இரண்டு பால் பற்கள் விழுந்திருந்தன. புதுப் பல் இன்னும் முளைக்கவில்லை.

"அங்க வந்து வாயத் தொறக்காத கண்ணு. பல்பொடிக்காரன் பொண்ணு பொக்கவாய்னு சொல்லுவானுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. உதடுகளை ஒட்டவைத்த மாதிரி மூடிக்கொண்டு பின்சீட்டில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். பல் செய்தவர் என்ற மரியாதையில் காசிநாதன் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

திருக்கழுக்குன்றம் ஒன்பது மைல். கிளம்பும்போதே மணி பத்தாகிவிட்டது. சித்திரை வெயில் காரின் முகத்திலேயே அடித்தது.

மூன்றாவது மைல்கல்லைத் தாண்டியதும் 'டங்' என்று ஒரு சத்தம். கோதண்டராமன் வண்டியை நிறுத்தினார். நடுரோட்டில் ஒரு பல் கிடந்தது. எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். சற்றுத் தூரத்தில் இன்னொரு டங். பிறகு இன்னொன்று. மூன்று பல் வரைக்கும் இறங்கி எடுத்தார்கள். அதற்குப் பிறகு டங், டங், டங் என்று மணியடித்த மாதிரி விழ ஆரம்பித்ததும் விட்டுவிட்டார்கள். ரோட்டோரப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து பொறுக்கிக்கொண்டார்கள்.

மலை அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து பற்கள் மீதி இருந்தன. அதில் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. உருகிய கீல் கருப்புக் கருப்பாய் வழிந்து, வருடக்கணக்காக வாய் கொப்பளிக்காதவன் முகம் மாதிரி இருந்தது.

உச்சிவேளையில் கழுகுகள் வந்து கோயில் சோறு தின்றுவிட்டுப் போனதைப் பார்த்த ஜனங்கள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் நாலு பேர் காரைப் பார்த்து நின்றார்கள். அப்புறம் நாற்பது பேர். கதவில் எழுதியிருந்ததைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொன்னார்கள். சிரிப்பு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போயிற்று. பொட்டலம் வாங்க ஒரு கை கூட நீளவில்லை.

கோதண்டராமன் காசிநாதன் பக்கம் திரும்பினார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"வாளியில நல்லா நின்னுச்சே அண்ணாத்தே" என்று காசிநாதன் மெதுவாகச் சொன்னார். தலையைத் தூக்கவில்லை.

செங்கமலத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. திறந்துவிட்டாள்.

"வாளியில எப்பவும் தண்ணி கீது நைனா. சில்லுனு இருக்கும். காரு வெயில்ல காயுது. காசிநாதன் மாமா இன்னா பண்ணுவாரு?"

கோதண்டராமன் காசிநாதனைத் திட்டவில்லை. வீட்டுக்குத் திரும்பலாம், மில்லுக்கு எழுதிப் போடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

மில் என்ற சொல்லைக் கேட்டதும் செங்கமலம் காரைவிட்டு இறங்கிவிட்டாள். எதற்கு இறங்கினோம் என்று அவளுக்கே தெரியாது. கூட்டத்தோடு கூட்டமாக நின்று காரின் முகத்தைப் பார்த்தாள். கருப்பு வாய், ஐந்து பல். பக்கத்தில் ஒரு தாத்தா பேரனிடம், "பாத்துக்கோ, பல்லு வெளக்கலன்னா நீயும் இப்படித்தான் ஆவே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் அவசரமாக வாயை மூடிக்கொண்டான்.

செங்கமலம் அந்தப் பையனைப் பார்த்தாள். மறுபடி காரைப் பார்த்தாள். ஓடிப்போய் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீர்ப்பந்தலில் ஒரு குவளை தண்ணீர் வாங்கி, வெள்ளைப் பொடியைக் கெட்டியாகக் குழைத்தாள். விரலால் தொட்டு, முன்மூடியில், அந்த வாய்க்கு மேலே பெரிதாக எழுத ஆரம்பித்தாள். மூடி சுட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் விரலை ஊதிக்கொண்டாள்.

கூட்டம் எழுத்துக் கூட்டிப் படித்தது.

'நான் பல் தேய்க்கவில்லை.'

பிறகு எழுந்த சிரிப்பு முந்தைய சிரிப்பு மாதிரி இல்லை. அந்தத் தாத்தா கண்ணில் நீர் வரச் சிரித்து, முதல் ஆளாகக் கையை நீட்டினார். பேரனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று கேட்டார். தனக்கு இருப்பது நாலே பல், அதையாவது காப்பாற்றிக்கொள்கிறேன் என்றார்.

கோதண்டராமன் இறங்கிவந்து எழுத்தைப் படித்தார். மகளைப் பார்த்தார். அவள் இரண்டு பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அதை மூடச் சொல்லவில்லை. முன்மூடியைத் தூக்கினார். இஞ்சின் இல்லாத அந்தப் பெட்டி நிறையப் பொட்டலங்கள் இருந்தன. கார் வாயைத் திறந்து பல்பொடி கொடுக்கிறது என்று பிள்ளைகள் முண்டியடித்தார்கள். காசிநாதன் இரண்டு கையாலும் எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் மூட்டைகள் காலியாயின. மில்லுக்கு யாரும் எழுதவில்லை. திரும்பும்போது செங்கமலம் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தாள்.

கார் அதே வாயோடு மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று கடற்கரை ஊர்களுக்கெல்லாம் போயிற்று. காசிநாதன் எழுத்துகளைப் பெயிண்டால் அழுத்தி எழுதிக் கொடுத்தார். ஐந்து பற்களையும் விழாமல் கெட்டியாக ஒட்டினார். ஆணி அடிக்கவில்லை. எதில் ஒட்டினார் என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

விழுந்த பல்லைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு பொட்டலம் இலவசம் என்று கோதண்டராமன் ஊர் ஊராகச் சொல்லிவைத்தார். ரோட்டில் விட்டுவந்தவை இருபத்து நான்கு. ஆடி மாதத்துக்குள் நாற்பத்தொன்று திரும்பி வந்துவிட்டன. காசிநாதன் சிலவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது நம்ம பட்டறை வேலை இல்லை என்பார். கோதண்டராமன் அதற்கும் பொட்டலம் கொடுத்துவிடுவார்.

நாற்பத்திரண்டாவது பல்லைக் கொண்டுவந்தவன் ஆறு வயதுப் பையன். காகிதத்தில் பத்திரமாக மடித்து வைத்திருந்தான். பிரித்துப் பார்த்தால் அது தகரம் இல்லை. அவனுடைய சொந்தப் பல்.

கோதண்டராமன் என்ன செய்வதென்று தெரியாமல் மகளைப் பார்த்தார்.

"இதுவும் வுழுந்த பல்லுதான நைனா" என்றாள் செங்கமலம், பொட்டலத்தை எடுத்துக்கொண்டே.