வெண்ணிலா யாருக்காகக் காத்திருந்தாள்?

கோடம்பாக்கத்துப் பாத்திர மன்றத்தில் செவ்வாய்க்கிழமை வந்தால் திரைக்கதை எழுதுகிறவர்களுக்குக் காலையிலேயே தேர்வு தொடங்கிவிடும். கதை பதிந்த சில்லை ஆளுக்கொன்றாக உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். வாங்கிய காப்பி ஆறிப்போகும். ஏழு படம் எழுதிய அதியமானும் அன்று அந்தப் பெஞ்சில்தான் இருந்தான். பக்கத்தில் அவன் தங்கை நிறைமதி, மதுரையிலிருந்து முதல் ரயிலில் வந்து இறங்கியவள்.

இயந்திரங்கள் நாளுக்கு நூறு படம் எழுதித் தள்ளிய காலத்தில், திரையில் யார் அழுதாலும் ஜனங்களுக்குக் கொட்டாவிதான் வந்தது. தியேட்டர்கள் ஈயடித்தன. அப்போது வந்த சட்டம் இது. எழுதிய பாத்திரத்தை மன்றத்தின் விழிப்பறையில் ஒரு மணி நேரம் உயிர்ப்பிப்பார்கள். அது ஒளியுருவாக நாற்காலியில் வந்து உட்காரும். திரைக்கதையில் இல்லாததாகப் பார்த்துக் கேட்பார் தேர்வாளர். பதில் சொன்னால் அது மனுஷி, திக்கினால் வெறும் அட்டை. உயிரோடிருக்கும் ஒருவரை வைத்து எழுதியிருந்தால், அந்த மூலரும் கூடவே உட்கார்ந்து, கடைசியில் 'இது நான்தான்' என்று சொல்லிக் கைரேகை வைக்க வேண்டும்.

நிறைமதி கதையைப் படிக்காமலே மூலராக வரச் சம்மதித்திருந்தாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமலிருப்பது அவள் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் அதியமான் பதினோரு வருஷமாகக் குளிர்காய்ந்து வந்தான்.

விழிப்பறையில் அவன் எழுதிய வெண்ணிலா வந்து உட்கார்ந்தாள். கணவனின் அடி பொறுக்காமல் கிளம்பி, பேருந்து நிலையத்தில் ஆறு மணி நேரம் காத்திருந்துவிட்டு, திரும்ப அதே வீட்டுக்குப் போகிறவள். தேர்வாளர் ரெஹானா கைப்பையில் என்ன இருந்தது என்று கேட்டார். ரெண்டு சேலை, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, பாதி பிஸ்கட் பொட்டலம் என்றாள் வெண்ணிலா. ரெஹானா தலையசைத்தார். அதியமானுக்கு மூச்சு சீரானது.

"ஆறு மணி நேரம் யாருக்காகக் காத்திருந்தீங்க?"

வெண்ணிலா வாயைத் திறந்தாள், மூடினாள். "தெரியலைங்க. யாரோ வர்றதா இருந்துச்சு."

ரெஹானா அதியமான் பக்கம் திரும்பினார். பாத்திரத்தில் ஓட்டை விழுந்தால் எழுதியவர் ஒரே ஒருமுறை நிரப்பலாம். அவன் சொல்வது அவளுக்கு நினைவாகிவிடும். நிரப்பாவிட்டால் படம் அத்தோடு சரி.

'தோழிக்காக' என்ற சொல் அவன் நாக்கு நுனியில் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் பேருந்து நிலையத்திலிருந்து நிறைமதி ஒன்பது முறை கூப்பிட்டாள். ஒன்பதும் அவன் காதில் பொருத்தியிருந்த செவிமணியில் ஒலித்தது. உடம்புச் சூட்டிலேயே ஓடுகிற கருவி அது, ஆள் செத்தால்தான் அணையும். மறுநாள் 'அணைஞ்சுபோச்சும்மா' என்று அவன் சொன்னதைப் பச்சைக் குழந்தைகூட நம்பியிருக்காது. அவள் 'சரிண்ணே' என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டில் இன்னும் நாலு வருஷம் அடி வாங்கிய பிறகே பிரிந்து வந்தாள். கதை எழுதும்போது அந்த ஆறு மணி நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதிவிட்டு, தன்னை மட்டும் வழித்து எடுத்திருந்தான்.

நிறைமதி அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் பதிலுக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள். அதியமானுக்குப் பொய் வரவில்லை.

"உன் அண்ணனுக்காக," என்றான். "அது நான்தான்."

வெண்ணிலாவின் முகம் அவன் பக்கம் திரும்பியது. "ஏண்ணே வரல?"

பதினோரு வருஷமாக நிறைமதி கேட்காத கேள்வி. அவனுக்குக் காது மடல் வரை எரிந்தது. அந்நியர்கள் முன்னால், பதிவாகிக்கொண்டிருக்கும் அறையில், அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"நீ வந்தா எங்க வீட்டோடயே தங்கிருவியோன்னு பயந்தேன். அப்பதான் புது வீட்டுக்குக் குடி வந்திருந்தோம்."

வெண்ணிலா லேசாகச் சிரித்தாள். "பரவால்லண்ணே. நீ என்ன செய்வ, பாவம்."

அவனுக்கு நெஞ்சு இளகியது. இளகியதை நினைத்து உடனே கூசியும் போனான். ரெஹானா எழுதுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் இப்படிச் சொல்வீர்களா என்று நிறைமதியைக் கேட்டார்.

"நான் அப்படிச் சொன்னதே இல்லைங்க," என்றாள் நிறைமதி. குரல் உயரவில்லை. "அது எங்க அண்ணன் அவருக்காக எழுதிக்கிட்டது."

வெண்ணிலாவுக்கு அவன் எழுதிக் கொடுத்திருந்த குணப்பட்டியலை ரெஹானா திரையில் விரித்தார். முதல் வரியாக, 'யாரையும் மன்னித்துவிடுவாள்' என்று இருந்தது. வேறெந்தக் குணத்தையும் அவன் அவ்வளவு அக்கறையாக எழுதவில்லை. இதை எடுத்தால் தொடரலாம், இல்லையென்றால் கிளம்பலாம் என்றார் ரெஹானா. அதியமான் விரலால் அந்த வரியை அழித்தான்.

வெண்ணிலா மறுபடி கேட்டாள். அவன் மறுபடி அதையே சொன்னான், இம்முறை தரையைப் பார்த்து. அவள் முழுதாகக் கேட்டுக்கொண்டாள். சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிறைமதி எழுந்து போய்க் கைரேகைப் பலகையில் கட்டைவிரலை வைத்தாள்.

"இது நான்தான்," என்றாள்.