பதினாறு முளைகள்

ரசியா பேகம் ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தபோது, அன்புச்செல்வி தன் டிவிஎஸ் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். வேங்கிக்காலில் அது தையல் கடைதான். ஆனாலும் தொலைந்த மூக்குத்தியிலிருந்து மொட்டைக் கடுதாசி வரை ரசியா பேகத்திடம் கேட்கத்தான் பாதிப்பேர் வருவார்கள். கடையில் உதவிக்கு இருந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்த எழிலரசி நிமிர்ந்தாள். வாடகை நூலகத்தின் மொழிபெயர்ப்புத் துப்பறியும் நாவல்களையெல்லாம் படித்து முடித்தவள். வருகிற விவகாரத்தில் ஒரு துளி விஷமாவது இருக்காதா என்று ஆசை.

வந்தது முளைக்குச்சி விவகாரம்.

அடி அண்ணாமலையில் அன்புச்செல்விக்குப் பண்ணை. அங்கே மூன்று மண் குடில்களில் வெளியூர்க்காரர்கள் தங்குவார்கள். இன்னும் நான்கு கட்ட அனுமதி கேட்டு வரைபடம் கொடுத்திருந்தாள். ஒவ்வொன்றும் இருபதுக்குப் பதினைந்து அடி. இடம் பார்க்க அன்று மூன்று மணிக்கு அதிகாரி வருகிறார். முந்தின நாள் மாலை மேஸ்திரி மண்ணாங்கட்டி, அடிக்கணக்குக்கு முடிச்சிட்ட புது நூல் கயிற்றால் அளந்து பதினாறு முளைகள் அடித்தார். காலையில் அன்புச்செல்வி அதே கயிற்றைப் பிடித்துப் பார்த்தால், ஒரு முடிச்சும் முளையை எட்டவில்லை.

"மேஸ்திரி வேலைதாங்க இது. நைலான் கயிறு எடுத்தாந்தாரு. பண்ணைக்குள்ள பிளாஸ்டிக் கூடாதுன்னு வெளியே வெக்கச் சொன்னேன். அந்தக் கோபம். இன்னையோட அவரை நிறுத்திடப் போறேன்" என்றாள் அன்புச்செல்வி.

"முளை எவ்ளோ தள்ளிப் போயிருக்குதும்மா?"

"நீளத்துல ஒரு அடி, அகலத்துல முக்கால் அடி. நாலு குடிலும் அப்படியேதான்."

ரசியா பேகம் கத்திரியை வைத்துவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

இரவு பெய்த மழையில் பண்ணை குளிர்ந்து கிடந்தது. எழிலரசி குனிந்து குனிந்து காலடி தேடினாள். அன்புச்செல்வியின் செருப்புத் தடமும் கோழிக்கால் தடமும்தான் கிடைத்தன. முளைகளைச் சுற்றி மண் ஒரு கீறலில்லாமல் இறுகியிருந்தது. கயிறு வேலியில் சொட்டிக்கொண்டு தொங்கியது. மோட்டார் கொட்டகை ஓரம் குந்தியிருந்த மேஸ்திரி அன்புச்செல்வியைப் பார்க்கவேயில்லை. "இருபது வருசமா முளை அடிக்கிறேன். பித்தலாட்டக்காரன்ற பட்டம் இதான் மொத வாட்டி" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

ரசியா பேகம் எல்லோரையும் முதல் குடிலின் மூலைக்குக் கூப்பிட்டார். "இதுவும் பிளாஸ்டிக்தான், கோவிச்சுக்காதம்மா" என்று ஐந்தடி டேப்பைப் பிரித்தார். நீளத்துக்கு நான்கு தடவை, அகலத்துக்கு மூன்று தடவை. இருபது, பதினைந்து. நூல் பிசகவில்லை.

"அப்ப முளைய யாரும் நகர்த்தலியா அக்கா?" என்றாள் எழிலரசி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"வேணும்னு நகர்த்துறவன் இருபதுக்கு ஒண்ணு, பதினைஞ்சுக்கு முக்கால்னு கணக்கு பார்த்தா நகர்த்துவான்? எல்லாத்துலயும் ஒரே விகிதத்துல கம்மியாவுறது கயிறு ஒண்ணுதான். புதுக் காடாத் துணிய நனைக்காம வெட்டினா என்னாவும், எழிலு?"

"தைச்ச பிறகு சுருங்கிடும்."

"நூல் கயிறும் துணிக்குச் சொந்தந்தானே. ராத்திரி மழையில நனைஞ்சு சுருங்கிடிச்சு. இத நம்பி முளைய மாத்தியிருந்தா குடில் சின்னதாயிருக்கும். வந்த ஆபீசர் வரைபடத்தைத் திருப்பித் தந்துட்டுப் போயிருப்பாரு."

அன்புச்செல்வி வேலியிலிருந்து கயிற்றை எடுத்துச் சுருட்டினாள். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பினாள்.

"மேஸ்திரி, உங்க நைலான் கயிறு எங்க?"

"சைக்கிள்ல கீது. கேட்டாண்டயே நிறுத்திட்டேன். உள்ளதான் வரக்கூடாதாமே."

அன்புச்செல்வி கேட்டுக்கு நடந்தாள். திரும்பி வரும்போது, சேற்றில் சக்கரம் புதையப் புதைய, அந்தச் சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள்.