வாசல்ல ஒருத்தர் நிக்கறார்

"வாசல்ல ஒருத்தர் நிக்கறார். உள்ளே விடட்டுமா?" என்று மாமி கேட்டபோது மணி நாலரை. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது மாமி கேட்கிற கேள்விதான். ஆனால் பேர் இருக்கவேண்டிய இடத்தில் சுவாமிதாஸ் என்று இருந்தது. சுவாமிதாஸை அடக்கம் செய்து பதினேழு நாள் ஆகியிருந்தது.

மாமி மனுஷி இல்லை. அது ஒரு சாட்பாட், தானாகப் பதில் எழுதும் நிரல், ஜானவி எழுதியது. தமிழில் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றை முந்நூறு பேர் சேர்ந்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் யாரும் திருத்தலாம் என்று ஊருக்குப் பொதுவாகச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கூடிப் பேசுகிற அரட்டைக் குழுவைக் கட்டி மேய்ப்பது ஜானவியின் பாடு. புதிதாக வருகிறவர் முதலில் 'வாசல்' என்ற தனி அறையில் நிற்கவேண்டும். பேர் என்ன, எங்கேர்ந்து வரேள், யார் சொல்லி வந்தேள் என்று மாமி மூன்று கேள்வி கேட்கும். ஆள் சரியென்று பட்டால் ஜானவி 'வாங்கோ' என்று தட்டுவாள். அப்போதுதான் உள்ளே வரமுடியும். வேண்டாத ஆளென்றால் வெளியேற்றுவாள். யார் வெளியே போனாலும், "இன்னார் போயிட்டு வரேன்னு சொல்லிண்டு கிளம்பினார்" என்று மாமி எழுதும். 'போனார்' என்று மொட்டையாக எழுத ஜானவிக்குக் கை வரவில்லை. கரமனை அக்ரஹாரத்தில் பிறந்தவள். அந்த வீட்டில் போறேன் என்று சொல்லி யாரும் படியிறங்கியதில்லை.

அந்த நிரலுக்கு மாமி என்று பேர் வைத்ததே சுவாமிதாஸ்தான். "எங்க ஊருல கலெக்டர்கூட இவ்வளவு மரியாதையாட்டு பேசமாட்டாரு" என்று அவர் கேலி செய்ததில் குழு ஒரு வாரம் சிரித்தது. பாறசாலைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், சொல் பட்டியலில் பாதி அவர் சேர்த்தது. நல்ல மனுஷன். மழையில் பைக் சறுக்கி, நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு ஜானவி போயிருந்தாள். வெள்ளைக் கையுறை, வெள்ளைக் காலுறை போட்டுப் பெட்டியில் படுக்க வைத்திருந்தார்கள். தோண்டிய செம்மண் குழியில் மழைத்தண்ணீர் ஊறி நின்றது. சாவு வீட்டில் வரேன்னு சொல்லக்கூடாது என்று அம்மா விஜயலக்ஷ்மி மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். ஜானவி அதேபடி ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பி வந்தாள்.

ஆளில்லாத கணக்கு குழுவில் கிடந்தால் எவனாவது திருடி விஷமம் பண்ணுவான் என்று நேற்று அதை நீக்கினாள். மாமி என்ன எழுதியது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது வாசலில் மூன்று பதில்கள் வரிசையாக வந்தன.

சுவாமிதாஸ்.

பாறசாலை.

நான்தான் வாறேன்னு சொல்லியிருந்தேனே.

கூட நிர்வாகம் பார்க்கிற கேசவை அழைத்தாள். "ஆரோ விளையாடறான் சேச்சி. அவரோட பழைய பாஸ்வேர்டு கிட்டியிருக்கும். தூக்கி வெளியில போடுங்கோ, அத்ரேயுள்ளூ, அவ்வளவுதான்" என்றான். வெளியே போட்டாள். சுவாமிதாஸ் போயிட்டு வரேன்னு சொல்லிண்டு கிளம்பினார் என்று மாமி எழுதியது.

கர்க்கடக மாச மழை காலையிலிருந்து விடவில்லை. ஓட்டிலிருந்து முற்றத்து அண்டாவில் தண்ணீர் விழுகிற சத்தமும், அடுக்களையில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தமும், தெருக்கோடியில் பஸ்கள் சேற்றைத் தள்ளிக்கொண்டு திரும்புகிற சத்தமும் கலந்து ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்க, ஜானவி வேறு வேலை பார்க்க முயன்றாள். ஓடவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், ஆறிப்போன காபியைக் குடித்தாள். கால் மணி கழித்து மாமி மறுபடி கேட்டது. வாசல்ல ஒருத்தர் நிக்கறார்.

இந்தத் தடவை ஊர், நெய்யாற்றின்கரை. மற்ற இரண்டு பதிலும் அதேதான். வெளியேற்றி, நிரந்தரத் தடையும் போட்டாள். போயிட்டு வரேன். அடுத்து பாலராமபுரம். அடச்சே, எவனோ இந்தப் பக்கம் வருகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு போனைத் தட்டுகிறான் என்று எரிச்சல் வந்தது. மறுபடி வெளியே தள்ளினாள். நேமம். அதையும் தள்ளினாள்.

எரிச்சல் போய்விட்டது. அறையில் ஈரமண் வாசனை அடித்தது. மழை பெய்தால் மண் வாசனை வராதா என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனால் இது மேல்மண்ணின் வாசனை இல்லை, ஆழத்தில் வெட்டியெடுத்த மண். பதினேழு நாளைக்கு முன் குழியோரம் நின்றபோது மூக்கில் ஏறியது.

சுவாமிதாஸின் மனைவி ராகேலுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அண்ணனோட போன் இப்போ யார்கிட்ட இருக்கு?"

"எந்த போனு மோளே? அது அவருக்க சட்டைப்பையில கிடந்துது. எடுக்க மனசு வரல்ல. அப்படியே பெட்டியில வச்சாச்சு." ராகேல் அழுதாள். "எதுக்குக் கேக்கிற?"

ஜானவி போனை வைத்தாள். திரையில் அதற்குள் கைமனம் என்று வந்திருந்தது. கைமனத்திலிருந்து இந்த வீட்டுக்கு ரெண்டு ஸ்டாப்.

பயத்தில் விரல் தானாக வெளியேற்று என்பதை அழுத்தியது. அழுத்திய பிறகுதான் மாமியின் வரியை முழுசாகப் படித்தாள். சுவாமிதாஸ் போயிட்டு வரேன்னு சொல்லிண்டு கிளம்பினார். சாவு வீட்டில் தன் வாயைக் கட்டிக்கொண்டு வந்தாளே, அந்த வார்த்தையைச் செத்த மனுஷன் பேரில் நேற்று சொல்ல வைத்தவளும் அவளேதான். இன்றைக்கு ஐந்து தடவை. ஒவ்வொரு தடவை துரத்தும்போதும் வரேன் என்று அவரைச் சொல்ல வைத்தே துரத்தியிருக்கிறாள். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசல்ல ஒருத்தர் நிக்கறார்.

கரமனை ஆத்துப் பாலம்.

இனி துரத்தவும் கூடாது. வாங்கோ என்று தட்டவும் கூடாது. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் உள்ளே வரமுடியாது, அது ஒன்றுதான் அவள் கையில் மிச்சம். எதையும் தட்டாமல் கையை எடுத்துக்கொண்டாள். வாசலில் அது அப்படியே நின்றது. இந்த வீட்டில் அவளும் அம்மாவும்தான். அம்மாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை. ஆள் வந்தால் நிழலாகத்தான் தெரியும். அம்மா கிட்ட எதுவும் வரக்கூடாது. அது மட்டும் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

மாமியையே நிறுத்திவிட்டால்?

நிறுத்தினாள். பச்சைப் புள்ளி அணைந்தது. வாசல் என்ற அறை பட்டியலிலிருந்து மறைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். ஓடிப்போய் முன்கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பி, ஜன்னலையும் ஒவ்வொன்றாக அடைத்தாள்.

மழை நின்றிருந்தது. அண்டாவில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொரு சொட்டு. தெருவில் ஒரு சத்தம் இல்லை. பஸ்கூட இல்லை.

சதக். சதக்.

ஈரத்தில் யாரோ நடக்கிறார்கள். செருப்பில்லாத கால். மெதுவாக. வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வருகிற நடை.

நின்றது.

மண் வாசனை. தொண்டை வரை.

வாசல் அறையை அழித்தது புத்திகெட்ட வேலை என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேதான் அவரை நிற்க வைத்திருந்தாள். இப்போது அவர் நிற்க இந்த வீட்டு வாசல்தான் மிச்சம் இருந்தது.

"எந்தாடி இது, விளக்கேத்தற நேரத்துல எவளாவது வாசக்கதவைச் சாத்துவாளோ?"

அம்மாவின் குரல். கூடத்திலிருந்து. தீப்பெட்டி உரசுகிற சத்தம்.

"அம்மா! திறக்காதே!"

கத்தினாள். தொண்டையில் காற்றுதான் வந்தது. அறையிலிருந்து கூடத்துக்குப் பத்தடி. சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். தாழ்ப்பாள் விலகியது. கதவு முனகியது.

அம்மா கையில் விளக்கோடு நின்றாள். சுடர் வீட்டுக்குள் பார்த்துச் சாய்ந்திருந்தது. புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு, எதிரே நிற்கிற உயரமான நிழலை அண்ணாந்து பார்த்தாள். யார் வந்தாலும் சிரிக்கிற அதே சிரிப்பு.

"அம்மா, வேண்டாம்! சொல்லாதே!"

"ஐயையோ, சொட்டச் சொட்ட நனைஞ்சுண்டு வெளியில நிக்கறேளே," என்று அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். "வாங்கோ, வாங்கோ."

செம்மண்ணில் ஊறிய ஒரு வெள்ளைக் காலுறை, அழிந்த கோலத்தை மிதிக்காமல், மரியாதையாகப் படியைத் தாண்டி உள்ளே வந்தது.

அடுத்த காலும் வந்தது.