வட்டத்தில் ஆறு பேர்

சிற்பப் பூங்காவில் கொடுத்த துண்டுத்தாளில் ஐந்து குழந்தைகள் என்று போட்டிருந்தது. கோரா எண்ணியபோது ஆறு இருந்தன.

இன்னொரு முறை எண்ணினாள். பைன் மரங்களுக்கு நடுவே, நனைந்த புல்லில், கைகோத்து வட்டமாக நிற்கும் வெண்கலக் குழந்தைகள். ஒவ்வொன்றும் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம். பல வருட மழையிலும் பனியிலும் முகமெல்லாம் பச்சை பூத்திருந்தது. வட்டம் முழுதாக மூடவில்லை. பார்க்க வரும் பிள்ளைகள் உள்ளே புகுந்து கைகோத்துக்கொள்ளட்டும் என்று சிற்பி ஓர் ஆள் இடம் விட்டிருப்பதாகத் தாளில் எழுதியிருந்தது. அந்த இடைவெளியின் ஓரத்தில் நின்ற ஒன்று மட்டும் பச்சை பூக்காமல் கருப்பாக, புதிதாக இருந்தது. பிற்பாடு கொண்டுவந்து வைத்திருப்பார்கள், தாளைத் திருத்த மறந்திருப்பார்கள் என்று கோரா நினைத்துக்கொண்டாள்.

அவளிடமும் ஆறு பேர்தான். நர்சரியில் மாலை வரை தங்கும் பிள்ளைகள். ஆறு வளையம் வைத்த ஒரு நீளக் கயிறு, வளையத்துக்கு ஒரு கை. கயிற்றின் முன்னால் கூட வேலை பார்க்கும் ட்ரூடி, கடைசியில் கோரா. ஒவ்வொரு சிலையை விட்டுக் கிளம்பும்போதும் தலையைத் தொட்டு எண்ண வேண்டும். அது மின்னசோட்டாவில் எந்த நர்சரிக்குப் போனாலும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம்.

மூன்று மணியிலிருந்து ஒரே விளையாட்டு. "சிலை!" என்று கோரா சொன்னால் பிள்ளைகள் எதிரே நிற்கும் சிலையைப் போலவே உறைந்து நிற்க வேண்டும். "உருகு!" என்று சொன்னால்தான் அசையலாம். வளைந்த சிவப்பு இரும்பாணிச் சிற்பத்தின் முன்னால் எல்லாரும் வளைந்து நின்றார்கள். மரக்கட்டைக் குதிரையின் முன்னால் ஹென்ரிக் குதிரையாகவே கனைத்துவிட்டுத் தோற்றுப்போனான். ஆர்லோ மட்டும் எதிலும் தோற்கவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆர்லோ அவள் மகன். தவளைப் படம் போட்ட பச்சை பூட்ஸைக் காலையில் கால் மாற்றிப் போட்டிருந்தான். தினமும் அப்படித்தான். சரியாகப் போட்டுவிட்டால் அழுவான். அதனால் அவள் விட்டுவிட்டாள்.

விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று இருந்தது. போன மாதம் இரண்டு அம்மாக்கள் தலைமை ஆசிரியையிடம் போய், கோரா தன் பிள்ளைக்கு மட்டும் செல்லம் கொடுக்கிறாள் என்று மூட்டிவிட்டிருந்தார்கள். வேலையில் சேர்ந்தே ஆறு வாரம்தான். அன்றைக்கு வீட்டில் சட்டம் போட்டாள். அஞ்சரை மணி வரைக்கும் அவள் மிஸ் கோரா. அதற்கு அப்புறம்தான் அம்மா. இடையில் "அம்மா" என்று கூப்பிட்டால் அவள் காதில் விழாது.

"எப்ப அஞ்சரைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஆர்லோ கேட்டான்.

"இருட்டிடும்ல. இருட்டிட்டா அஞ்சரை."

அது போன மாதம். சனிக்கிழமை ராத்திரி, வருடாவருடம் குளிர்காலத்துக்குச் செய்வதுபோல, ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தது. இன்றைக்குத் திங்கள். மணி நாலே முக்கால் ஆவதற்குள் பைன் மரங்களுக்கு அடியில் இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. ஆர்லோவுக்குச் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த இடைவெளியில் போய் நின்று, இரண்டு பக்கமும் வெண்கலக் கையைப் பிடித்து, அஞ்சு எண்ணும்வரை சிலையாக நின்றுவிட்டு வந்தார்கள். வில்லா வந்து கோராவின் கோட்டை இழுத்தாள்.

"மிஸ் கோரா, அந்தக் கருப்புப் பையன் கை சூடா இருக்கு."

"வெயில் பட்டிருக்கும்டா."

அன்று முழுக்க வெயிலே இல்லை. சொன்ன பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது.

"சீக்கிரம் கோரா," என்றாள் ட்ரூடி. "இருட்டுல பிள்ளைங்களைப் பொறுக்கிட்டுப் போற வேலை எனக்கு வேணாம். யாருக்கு இன்னும் முறை வரல?"

"ஆர்லோ."

"பாவம், எப்பவும் கடைசி. கல் நெஞ்சுக்காரிம்மா நீ."

ஆர்லோ போய் நின்றான். "சிலை!" என்றாள் கோரா. அதே நேரம் கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. வில்லாவின் அம்மா, இருட்டிவிட்டதே, கொஞ்சம் முன்னாடியே வரட்டுமா என்று கேட்டிருந்தாள். புகார் சொன்ன இருவரில் ஒருத்தி. கோரா திரும்பி நின்று, மிகவும் மரியாதையாக ஒரு பதிலை, அடித்து அடித்து அழித்து எழுதினாள்.

"அம்மா."

அவள் திரும்பவில்லை. போனில் மணி நாலு ஐம்பது.

"அம்மா, இவன் விட மாட்டேங்கிறான்."

ஹென்ரிக்தான் வம்பு பண்ணுகிறான் என்று நினைத்தாள். வில்லா பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லுகிற பெண். சட்டம் என்றால் சட்டம். கோரா மிச்சமிருந்த ஆப்பிள் துண்டுகளை டப்பாவில் போட்டு மூடினாள்.

"அம்..."

பாதியில் நின்றது. மரங்களில் காற்றும் நின்றிருந்தது. நாணயத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தால் வருகிற வாடை எங்கிருந்தோ வந்தது.

"மிஸ் கோரா."

முழங்கைக்குப் பக்கத்தில். ஆர்லோ தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, கயிற்றின் கடைசி வளையத்தைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவளுக்குப் பெருமையாக இருந்தது. பாவமாகவும் இருந்தது.

"அப்படித்தான் கூப்பிடணும், தங்கம்," என்று தலையைத் தொட்டு எண்ணினாள். ஆறு. சரியாக இருந்தது.

"உருகு" சொல்ல மறந்துவிட்டோம் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

கார் நிறுத்தும் இடத்துக்குச் சரளைக்கல் பாதை. பிள்ளைகளின் காலடிகள் முன்னால் சலசலத்துக்கொண்டு போக, அவள் பக்கத்தில் நடந்த பூட்ஸ் மட்டும் ஒவ்வொரு அடிக்கும் சரளையை நன்றாக அழுத்தி நசுக்கிக்கொண்டு வந்தது.

"யாருப்பா பின்னால கயித்தை இழுக்கிறது?" என்று ட்ரூடி கத்தினாள். "மாடு கட்டின மாதிரி இருக்கு!"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஐந்து பேர் சிரித்தார்கள்.

பெற்றோர்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிப்போனார்கள். வில்லாவின் அம்மா சிரித்த முகமாகவே கிளம்பினாள். கடைசியாக ட்ரூடியும் தன் காரில் ஏறிப் போனாள். அஞ்சேகால். கோரா தன் காரின் பின்கதவைத் திறந்து ஆர்லோவைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. அவனே ஏறி உட்கார்ந்துகொண்டான். கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

"ஆப்பிள் வேணுமா?"

"வேணாம், மிஸ் கோரா."

"போதும்டா, இங்க யாரும் இல்ல."

பெல்ட்டைப் பூட்டக் குனிந்தாள். அவள் மூச்சு வெள்ளையாக அவன் முகத்துக்கு முன்னால் படர்ந்தது. அவனிடமிருந்து எதுவும் படரவில்லை. போன் வெளிச்சத்தைக் காட்டினாள். ஆர்லோவின் முகம்தான். மூக்கின் மேல் காய்ந்த கீறல்கூட இருந்தது. கண் இமைக்கவில்லை.

வெளிச்சம் கீழே இறங்கியது.

தவளை பூட்ஸ். இடது காலில் இடது. வலது காலில் வலது.

கதவை அறைந்து சாத்தினாள். ஓடினாள்.

பாதை. சரளை. இரும்பாணி. குதிரை. போன் வெளிச்சம் கையில் குதித்தது. பைன் ஊசிகள் வழுக்கின. அந்த நாணய வாடை.

வட்டம்.

எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. எல்லாம் பச்சை.

ஆறு. கருப்பாக. புதிதாக.

பக்கத்தில் அதே இடைவெளி, இன்னோர் ஆளுக்கு.

தொப்பி பின்னால் சரிந்திருந்தது. வாய் பாதி திறந்து, உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டப்போகிற நேரத்தில் நின்றுவிட்டிருந்தன. மூக்கின் மேல் ஒரு சின்னக் கீறல், வெண்கலத்தில். வெளிச்சத்தைக் கீழே இறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இறக்கினாள்.

பூட்ஸ். கால் மாறியிருந்தது.

"உருகு," என்றாள். "உருகு. ஆர்லோ, உருகு. அம்மா சொல்றேன்டா. உருகு."

இடைவெளியில் முட்டி போட்டு அந்தக் கையைப் பிடித்தாள். இன்னும் சூடாக இருந்தது. அவள் பிடியிலேயே, விரல் விரலாக, ஆறிக்கொண்டிருந்தது.

தூரத்தில், காருக்குள், பெல்ட் கழன்ற சத்தம். டக்.

கதவு.

பிறகு சரளை. ஒவ்வோர் அடியாக. அவசரமே இல்லாமல்.

அவள் கையை விடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவளுடைய போன் புல்லில் விழுந்து மேலே பார்த்துக் கிடந்தது. அதில் மணி ஐந்து இருபத்தொன்பது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மாறியது.

அடிகள் அவளுக்குப் பின்னால் வந்து நின்றன.

"அஞ்சரை ஆயிடுச்சு," என்றது ஆர்லோவின் குரல், மிகவும் மரியாதையாக. "இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?"