குதிகால் கறுப்பு

கோயில் மணி ஓய்வதற்குள் எர்மெலிண்டா ரெஃபூ அத்தையின் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். சான் மெல்சோர் ஊர்ப் பெண்கள் கூடைப்பந்து அணியின் தலைவி அவள். அன்று மாலை திருவிழாவின் இறுதியாட்டம்; பரிசு ஒரு காளை.

"என்னைச் சேர்த்துக்க மாட்டாங்களாம், அத்தை! என் குதிகால்ல கறுப்பு படர்ந்திருக்காம், தொத்து நோயாம். காலையில குடுக்கை என்னைத் தாண்டிப் போயிடுச்சு!"

ஆட்ட நாளில் அணி முழுதும் ஒரே சுரைக்குடுக்கையில் அன்னாசிப் பானம் குடிக்கும். குடுக்கை ஒருத்தியைத் தாண்டினால் அவள் அணியில் இல்லை, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த வாடகை வண்டிக்காரன் சானோவுக்கு ரத்தம் கொதித்தது.

"எவ கிளப்பினதுன்னு சொல்லு, இப்பவே போய்..."

"உக்காருடா," என்றாள் ரெஃபூ. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அவள் பதறி யாரும் பார்த்ததில்லை. "காலைக் காட்டும்மா."

குதிகால் ஓரத்தில் மிளகுப்பொடி தூவியது போல் கரும்புள்ளிகள். ரெஃபூ பிளேடால் மேல்தோலை மெல்லச் சீவினாள். கறுப்பு தூளாக உதிர்ந்தது. வலியே இல்லை.

"செத்த ரத்தம். சிமெண்டுத் தரையில ஓடி, சட்டுனு நின்னு திரும்புறப்ப உள்ள கசிஞ்சு உறைஞ்சிருக்கு. நான் ஆடுன காலத்துல எனக்கும் இருந்துச்சு. டாக்டர் பார்த்துட்டுச் சிரிச்சார். உன் காலை யார் பார்த்தா?"

"ஷூவுக்குள்ள கல்லுன்னு மைதானத்துல கழட்டினேன். எல்லாரும்தான் பார்த்தாங்க."

ரெஃபூ எழுந்தாள். மைதானத்துக்குப் போனதும் எல்லாரையும் ஷூவைக் கழற்றச் சொன்னாள். பயிற்சியாளர் அபுந்தியோ முணுமுணுத்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நோய் வந்தவ யாருன்னு பார்க்கவா, அத்தை?" சானோ காதில் கேட்டான்.

"இல்லடா. வராதவளைப் பார்க்க."

ஒவ்வொரு குதிகாலும் கறுத்திருந்தது. மாற்று ஆட்டக்காரி நொயெமியின் கால்கள் மட்டும் உரித்த வெங்காயம் போல இருந்தன.

"தன் கால்லயும் கறுப்பு இருக்குறவ வாயைத் திறப்பாளா? பயந்து சாக்ஸுக்குள்ள மறைப்பா. துணிஞ்சு பேசினவ, தனக்கு இல்லாதவ. பெஞ்சிலயே உக்காந்திருந்தா குதிகால் எப்படிக் கறுக்கும், நொயெமி?"

"ரெண்டு வருஷமா தண்ணி தூக்கவா வந்தேன்?" நொயெமி வெடித்தாள். "இவ போனாத்தானே எனக்கு இடம்!"

சானோ பல்லைக் கடித்தான். ஆனால் எர்மெலிண்டா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"இவளாவது ஆசையில சொன்னா. உங்களுக்கு என்னடி கேடு? உங்க கால்லயும் இதே கறுப்பை வச்சுக்கிட்டு என் கையில குடுக்கை படாம தள்ளினீங்களே, வெட்கமா இல்ல?"



"நொயெமி, நீ வீட்டுக்குப் போ," என்றார் அபுந்தியோ.

எர்மெலிண்டா அவர் கையிலிருந்த குடுக்கையைப் பிடுங்கி ஒரு மிடறு குடித்தாள். மிச்சத்தை நொயெமியின் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள்.

"குடிடி. முதல் விசில்லேர்ந்து நீ ஆடுற. குதிகால் கறுக்கிற வரைக்கும் உன்னை உக்கார விடமாட்டேன்."