வியாழக்கிழமைப் படிவம்

வீட்டில் ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து சாய்ந்தமருதின் தெருக்கள் அடங்கிக் கிடந்த நேரம். குசினியில் விளமீனின் செதிலை உரசிக்கொண்டிருந்த சபூறா கத்தியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். கடல் இரைந்தது. பக்கத்து வளவின் தென்னோலை கூரைத் தகரத்தில் உராய்ந்தது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை நடுங்கி ஓய்ந்தது. எல்லாம் வழக்கம்போல இருந்தன. ஏழு மாதங்களாக இவற்றுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று மட்டும் இல்லை. உம்மாவின் முனகல்.

மீன் வாடை அடிக்கும் ஈரக் கையோடு அறைக்கு ஓடினாள். மௌத்து வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

உம்மா உயிரோடுதான் இருந்தாள். அன்று காலை வந்திருந்த பராமரிப்புக்காரப் பெண், பெயர் றிபா, பிளாஸ்டிக் கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, முதுகை வளைத்து, தன் காதை உம்மாவின் வாயருகே வைத்திருந்தாள். உம்மாவின் உதடுகள் மெல்ல அசைந்தன. ஈரலில் வந்த கட்டி வலது விலாவுக்குக் கீழே குடைந்ததில் சுருங்கியே கிடந்த அந்த முகம், கழுவி உலர்த்திய சீலைபோல விரிந்திருந்தது.

"சத்தம் போடாதீங்க ராத்தா," என்றாள் றிபா, தலையைத் தூக்காமல். "உம்மா கதைக்கிறாங்க."

"நோவு இல்லயா அவவுக்கு?"

"கதைச்சா நோவு கொறயும்."

சபூறா வாசற்படியில் நின்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய வலது விலாவுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை அளவுக்குச் சூடாக ஏதோ ஒன்று உட்கார்ந்தது. ஏழு மாதம். உம்மாவின் மலம் அள்ளியது அவள். புண்ணுக்கு மருந்து வைத்தது அவள். கொழும்பில் தந்த வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊட்டியது அவள். அவளிடம் உம்மா ஒருநாளும் இப்படிக் கதைத்ததில்லை. முனகினாள். அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு டோஹாவில் இருக்கும் தங்கை சஹ்லாவுடையது. சாகப்போகிறவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்க ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்தை அவள் தொலைபேசியிலேயே பிடித்திருந்தாள். "ராத்தா, ஒவ்வொரு வியாழனும் ஒரு படிவம் தருவாங்க. அவங்கட வேல எப்பிடியெண்டு புள்ளி போட்டுக் குடுங்க. சரியில்லாட்டி வேற ஆள் மாத்தலாம்." வீடு சபூறாவின் சீதன வீடு. உம்மா இருப்பது மூத்த மகளோடு. பார்ப்பது மூத்த மகள். ஆள் பிடித்துத் தருவது மட்டும் தங்கை.

முதல் வியாழன் றிபா ஒரு மஞ்சள் தாளை நீட்டினாள். பத்துக் கேள்விகள், ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள். நோயாளியின் வலி தணிந்துள்ளதா? உடல் சுத்தம் பேணப்படுகிறதா? நோயாளி பராமரிப்பவரை நம்புகிறாரா? அடியில் ஒப்பமிட இரண்டு கோடுகள். ஒன்றின் கீழ் 'நோயாளியின் மகள்/மகன்'. மற்றதன் கீழ் 'மதிப்பிட்டவர்'.

சபூறா வலிக்கு மூன்று போட்டாள். ஐந்து என்று அவளுக்குத் தெரியும். நம்பிக்கைக்கு இரண்டு. பிறகு 'மதிப்பிட்டவர்' என்ற கோட்டில் கையெழுத்து வைத்தாள். அந்தச் சொல் பிடித்திருந்தது. இந்த வீட்டில் யார் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதை அது தெளிவாகச் சொன்னது.

"மத்தக் கோடு வெறுமையா இரிக்கே ராத்தா."

"இருக்கட்டும்."

"ஓம்," என்று றிபா தாளை மடித்தாள்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் முன்வீட்டு ஆயிஷா உம்மா வெற்றிலைத் தட்டத்தோடு வந்தாள். கட்டிலைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்தாள்.

"யா அல்லாஹ், முகத்தப் பாருங்களன்! புது மணவாட்டி மாதிரி. ஏங்கா சபூறா, இத்தின மாசமா நீ என்னத்தத்தான் செஞ்ச?"

"மருந்து குடுத்தன்."

"மருந்து கடையிலயும் கிடைக்கும். கைப்பக்குவம் வேணும் புள்ள." ஆயிஷா உம்மா சிரித்துக்கொண்டே றிபாவின் தோளைத் தட்டினாள். "இவள உட்டுராத. ஒனக்கு ஏலாத்த ஒரு நாள்ள செஞ்சிட்டாளே."

புளியங்கொட்டை சற்றே பருத்தது.

சபூறாவுக்கு உம்மாவிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. நோன்புக்கு முந்திய மாதம், ஒரு பகல், முனகல் தாங்க முடியாமல் அறைக் கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியை உச்சத்தில் வைத்து, முன்னறையில் போய்ப் படுத்தாள். எழும்பியபோது உம்மா கட்டிலிலிருந்து விழுந்து சீமெந்துத் தரையில் கிடந்தாள். இரண்டு மணித்தியாலம். கண் திறந்திருந்தது. வுளூச் செய்ய எழும்பிச் சறுக்கிவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னாள். உம்மா மறுக்கவில்லை. மூச்சு அடங்குவதற்குள் உம்மாவின் பொருத்தத்தை, மன்னிப்பை, வாங்கவேண்டும். பெயர் சொல்லிப் பொருந்திவிட்டேன் என்று உம்மா சொல்ல வேண்டும், குடித்த பாலை ஹலாலாக்க வேண்டும். அது இல்லாமல் தாயை மையத்தாக அனுப்பிய பிள்ளைக்கு இங்கும் இடமில்லை, மறுமையிலும் இல்லை. நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எந்த நேரம் போனாலும் அந்தக் கதிரை அங்கே இருந்தது. அந்தக் காது அங்கே இருந்தது.

இரண்டாவது கிழமை உம்மா மறக்கத் தொடங்கினாள். சுவரில் இருந்த வாப்பாவின் படத்தைக் காட்டி, "இந்த மனிசன் ஆரு?" என்றாள். "உதுமாலெவ்வை வாப்பா," என்று பதில் வந்தது. சொன்னது றிபா. வாப்பா மௌத்தாகிப் பதினெட்டு வருடம்.

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"உம்மா தந்தாங்க."

தந்தாங்க. சொன்னாங்க என்று அவள் சொல்லவில்லை.

ஒவ்வொரு பகலும் லுஹருக்கும் அஸருக்கும் இடையில், வெயில் முற்றத்து மணலை வெளுக்க வைத்து, காகம்கூடக் கரையாமல் கிடக்கும் அந்த நீண்ட நேரத்தில், சபூறா திரைச்சீலைக்கு இப்பால் நின்று உள்ளே கேட்டாள். சொற்கள் பிடிபடவில்லை, ஈரத் துணி இழுபடுவதுபோல ஒரு முணுமுணுப்பு மட்டும், அது ஒரு வாயிலிருந்து போய் ஒரு காதுக்குள் முடிந்தது, நடுவில் எதுவும் சிந்தவில்லை. முணுமுணுப்பு ஓய்ந்தபின் றிபா நிமிர்ந்து எச்சில் விழுங்குவாள். சாப்பிட்டு முடித்தவளைப்போல.

அலுமாரியைத் திறக்கும் திறப்பு எங்கே என்று றிபாவுக்குத் தெரிந்திருந்தது. உம்மாவின் தலையை எந்தப் பக்கம் வகிடெடுக்க வேண்டும் என்பதும். சபூறா சின்னப் பிள்ளையில் இறால் தொண்டையில் சிக்கி அழுததும். மீனாணத்தில் கொறுக்காய்ப் புளியை எப்போது போடுவது என்பதும். ஒருநாள் குசினிக்குள் போனபோது ஆணம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. றிபாவின் கையில் மீன் வாடை. சபூறா தன் கைகளை முகர்ந்தாள். டெட்டோல் மணத்தது.

இரண்டாம் படிவத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு.

மூன்றாவது கிழமை சஹ்லா வீடியோவில் வந்தாள். தொலைபேசி றிபாவின் கையில் இருந்தது. சபூறா பின்னால் வந்து நின்றாள்.

"மெலிஞ்சி போனீங்க ராத்தா," என்றது திரையிலிருந்த தங்கையின் முகம். "தின்னாமக் கிடக்காதீங்க. உம்மாவப் பாத்துப் பாத்து ஒங்கட ஒடம்பு போகுது."

"ஓம் சஹ்லா," என்றாள் றிபா.

"அடீ, நான் இஞ்ச நிக்கிறன்!" சபூறா தொலைபேசியைப் பறித்தாள்.

சஹ்லா ஒரு கணம் விழித்தாள். பிறகு, அந்நியருக்குக் காட்டும் புன்னகையோடு, "ஆ, மிஸ். போன கிழமப் படிவம் இன்னும் வரல்ல. கொஞ்சம் கெதியா அனுப்புங்களன்," என்றாள்.

இணைப்பு அறுந்தது. சபூறா தனக்குச் சொல்லிக்கொண்டாள்: படம் தெளிவில்லை. டோஹாவில் வெளிச்சம் சரியில்லை.

றிபா தொலைபேசியை வாங்கக் கை நீட்டினாள். சட்டைக் கை மேலேறியது. இடது மணிக்கட்டில் வேப்பிலை அளவில் ஒரு தழும்பு.

சபூறாவுக்குப் பதினொரு வயதில் பலகாரம் சுடும்போது எண்ணெய் தெறித்து வந்த தழும்பு அது. உம்மா தேன் பூசி ஊதிக்கொண்டே இருந்தாள். சபூறா தன் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

தோல் வழுவழுப்பாக இருந்தது.

மூன்றாம் வியாழன் அவள் பேனாவை எடுத்து ஒன்று, ஒன்று, ஒன்று என்று பத்துக் கட்டங்களையும் நிரப்பினாள். தாள் கிழியும்படி அழுத்தினாள். அடியில் எழுதினாள்: இவரை உடனே மாற்றவும். 'மதிப்பிட்டவர்' கோட்டில் கையெழுத்திட்டாள்.

றிபா வாசித்தாள். முகத்தில் கோபமில்லை. "ஒங்கட வேலய நீங்க சரியாத்தான் செய்றீங்க," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மணித்தியாலம் சீமெந்துல கிடந்தாங்க. குளிருது சபூறா, குளிருது சபூறா எண்டு கூப்பிட்டாங்களாம். அதயும் தந்துட்டாங்க. இப்ப அவங்களுக்கு அது இல்ல."

உம்மா மறந்துவிட்டதை உம்மாவால் எப்படிப் பொருந்த முடியும்? "அது எனக்கும் உம்மாக்கும் உள்ளது! வெளிய போ!"

"போறன். பழைய படிவங்களயும் நீங்களே வச்சிக்கங்க." தாள்களை மேசையில் வைத்துவிட்டு றிபா முற்றத்து வெயிலுக்குள் இறங்கிப் படலையைச் சாத்திக்கொண்டு போனாள்.

சபூறா தாள்களைப் புரட்டினாள். அவள் வெறுமையாக விட்ட கோடு வெறுமையாக இல்லை. மூன்றிலும் 'நோயாளியின் மகள்' என்பதற்கு மேல் 'சபூறா' என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் பழகிய அந்த வளைவு, 'றா'வின் காலை நீட்டும் அந்த இழுப்பு. அவளுடைய கையெழுத்து. மற்றக் கோட்டில் அவள் இட்ட கையெழுத்தைப் பார்த்தாள். ஒரு கிறுக்கல். வாசிக்க முடியவில்லை.

விலாவுக்குள் இப்போது ஒரு எலுமிச்சம்பழம்.

மறுநாள் ஜும்ஆ முடிந்து ஆண்கள் திரும்பும் நேரம் உம்மாவுக்கு சக்கராத், மரண வேளையின் இழுப்பு, தொடங்கியது. யார் சொல்லி அனுப்பினார்களோ, பெண்கள் வீடு நிறைய வந்தார்கள். யாசீன் ஓதும் குரல்கள் எழுந்தன. சாம்பிராணி, வியர்வை, அத்தர். கட்டிலைத் தொழுகைத் திசையான கிப்லாப் பக்கம் திருப்பியிருந்தார்கள். சபூறா நெருக்கி உள்ளே புகுந்து, முழங்காலில் விழுந்து, உம்மாவின் கையைப் பிடித்தாள்.

"உம்மா, நான்தான். சபூறா. என்னப் பொருந்திக்கங்க உம்மா."

உம்மாவின் கண்கள் அவளிடம் வந்தன. மரியாதையான கண்கள்.

"நீங்க ஆரு மகள்? அந்தப் புள்ளி போடுற பொம்புளயா?"

"உம்மா!"

"என்ட மகள் எங்க? சபூறாவக் கூப்பிடுங்க."

"வழி உடுங்க மிஸ்," என்று ஆயிஷா உம்மா அவளது தோளைப் பிடித்து விலக்கினாள். மெதுவாகத்தான். "நேரம் வந்துட்டு. பெத்த புள்ள வரட்டும்."

குசினிப் பக்கமிருந்து, நேற்றுப் படலையைச் சாத்திப் போன றிபா வந்தாள். சபூறாவின் பச்சைச் சட்டை. சபூறாவின் முக்காடு. ஈரக் கையில் மீன் வாடை. பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். ஒருத்தி அவள் கன்னத்தைத் தடவிக் கண் கலங்கினாள். அவள் கதிரையில் உட்கார்ந்து பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உம்மாவின் உதட்டில் பிழிந்தாள்.

"உம்மா. அண்டைக்குக் கதவச் சாத்தினன். பொருந்திக்கங்க."

"பொருந்திட்டன் சபூறா." எவ்வளவு தெளிவான குரல். "குடிச்ச பாலயும் ஹலாலாக்கிட்டன் மகள்."

கலிமா. ஒரு மூச்சு. இன்னொன்று. பிறகு இல்லை.

சபூறா கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். அழுகை எழுந்த வீட்டில் ஒருவரும் திரும்பவில்லை. ஆயிஷா உம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "நல்ல மௌத்து மிஸ். எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்க. முன்னுக்கு இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றாள்.

முன்னறைக் கதிரை வரை நடக்க முடியவில்லை. விலாவுக்குள் அது குடைந்தது. சுவரைப் பிடித்தாள். சறுக்கினாள். கன்னத்தில் சீமெந்து. குளிர்.

முனகல் கேட்டது.

ஏழு மாதம் கேட்ட அதே முனகல், அதே இழுப்பு, முடிவில் அதே சின்ன விக்கல். உம்மாவின் அறையிலிருந்து வரவில்லை. மிக அருகிலிருந்து வந்தது. அவளுடைய பற்களுக்கிடையிலிருந்து.

உள்ளே அழுகைக்கு நடுவில் ஒருத்தி மட்டும் தலையைத் தூக்கினாள். காது கொடுத்தாள்.

பிளாஸ்டிக் கதிரை தரையில் இழுபட்டு வந்தது. பச்சைச் சட்டை அவளுக்கு மேல் குனிந்தது. தழும்புள்ள கை அவளது முக்காட்டை நேர்த்தியாக ஒதுக்கியது. இளஞ்சூடான ஒரு காது மெல்ல இறங்கி வந்து, அவளுடைய உதட்டின்மேல் படிந்தது.

"கதைங்க," என்றாள் சபூறா. "கதைச்சா நோவு கொறயும்."